சொட்டாத வால்வு

"வேணியம்மா, இந்தப் பயம் எப்போ என்னை விட்டுப் போகும்?" என்று கேட்டார் தணிகாசலம்.

நாகவேணி தன் கடை வாசலில் குந்தியிருந்து, ஒரு பழைய கீசரின் சூடேற்றும் காயிலில் கல்லாய் இறுகிப்போன உப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஓசூரில் அவர் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு அவளிடம் கீசர் பழுதுபார்க்கும் தொழில் கற்க வந்தவர்.

"ஸ்விட்சை அணைக்கறேன். திரும்பப் போய்ப் பார்க்கறேன். டெஸ்டர் வச்சுப் பார்க்கறேன். அப்பவும் கை நடுங்குது. வீட்டுக்காரங்க பார்த்துட்டுச் சிரிக்கறாங்க."

"சிரிக்கட்டும்."

"உங்களுக்கு நடுங்கறதே இல்லையே."

நாகவேணி சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"ஆலையில என்னண்ணா பார்த்தீங்க?"

அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"நீராவிக் குழாய் வெடிச்சதைப் பார்த்தேன். பக்கத்துல நின்னவன் பேரு மாதேஷ். டீ குடிக்கப் போலாம்னு என்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தான். பாதி வார்த்தைதான் சொன்னான்."

அவள் சுத்தியலை மறுபடி எடுக்கவில்லை.

அப்போதுதான், கீசரில் ஏதோ சத்தம் வருகிறதென்று ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது.

*

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் ஜெயசீலன், அந்த வீட்டுக்காரர். பின்னால் அவர் மனைவி தாமரை, தோளில் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். குளிப்பாட்டத் துண்டும் சோப்பும் தயாராக இருந்தன.

"சத்தம் கேக்குது பாருங்கக்கா" என்றார் ஜெயசீலன்.

கேட்டது. பாத்ரூமுக்குள் யாரோ மூடிய இரும்புப் பெட்டிக்குள் இருந்துகொண்டு விரல் முட்டியால் தட்டுவதுபோல் கேட்டது. கொஞ்சம் நிற்கும். மறுபடி தட்டும்.

இருவரும் பாத்ரூம் வாசலுக்குப் போனார்கள்.

"கீசரை எப்ப போட்டீங்க?" என்று கேட்டாள் நாகவேணி.

"விடிஞ்சதுமே போட்டது. நீங்க வந்து சத்தத்தைக் கேக்கணுமேன்னு அணைக்காமலே வச்சிருக்கேன்."

நாகவேணி வேகமாகப் போய் ஸ்விட்சை அணைத்தாள். கீசர் விளக்கு அணைந்தது. சத்தம் நிற்கவில்லை.

"இந்தப் பக்கம் போர்வெல் தண்ணி. உப்பு கட்டியிருக்கும். அதான் தட்டுது" என்றாள். "ரெண்டு பக்கெட் சுடுதண்ணி போனா அடங்கிடும்."

குழந்தை சிணுங்கியது. நாகவேணி சுடுதண்ணீர்க் குழாயின் பக்கம் கையை நீட்டினாள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ தடவை செய்த வேலை. கை தானாகவே போயிற்று.

தணிகாசலம் குழாயைப் பார்க்கவில்லை. அவரால் அந்த கீசர் டேங்கைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. அதன் அடியில், தண்ணீர் உள்ளே போகிற இடத்தில், சேஃப்டி வால்வு இருந்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் அதன் வழியாகத்தான் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டி வெளியேறும். அவர் இதுவரை பார்த்த வால்வுகளின் நுனியிலெல்லாம் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும்.

இதில் சொட்டு இல்லை. நுனியே இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ பசை உருண்டையாகக் காய்ந்திருந்தது.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

இறுக்கிப் பிடித்தார். அவர் கை உதறியதில் அவள் கையும் சேர்ந்து உதறியது.

"தொடாதீங்க."

"அண்ணா, விடுங்க."

"வால்வோட வாயை அடைச்சிருக்காங்கம்மா."

நாகவேணி நிமிர்ந்து பார்த்தாள். வால்வின் நுனியைக் கண்டதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

டேங்க் மறுபடி தட்டியது.

"எல்லாரும் வெளிய" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "குழந்தையோட முதல்ல நீங்க இறங்குங்கம்மா. செருப்பெல்லாம் வேண்டாம். அண்ணா, கீழ் வீட்டுக்காரங்களையும் கூப்பிடுங்க."

*

மெயின் ஸ்விட்சையும் இறக்கிவிட்டு, எல்லாரும் எதிர்ச்சாரியில் ஒரு பூட்டிய கடையின் ஓரமாக நின்றார்கள்.

"இப்ப என்ன பண்றது?" என்று கேட்டார் ஜெயசீலன்.

"ஒண்ணும் பண்ணக்கூடாது. ஆறணும்."

"வெடிக்குமா?"

"தெரியாது."

தாமரை குழந்தையின் தலையைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள், "குழாயைத் திறந்திருந்தா?"

"உள்ள கொதிக்கற தண்ணி அப்படியே ஆவியாச் சீறியிருக்கும்" என்ற நாகவேணி தன் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டாள்.

ஜெயசீலன் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். "சொட்டிக்கிட்டே இருந்தது. சுவத்துல ஊறி, கீழ் வீட்டுக்கு ஒழுகி, தினம் சண்டை. நான்தான் அடைச்சேன். நானே பசை வாங்கிட்டு வந்து அடைச்சேன்."

கீழ் வீட்டு அம்மாள் அவரைப் பார்த்தாள்.

எங்கோ ஒரு கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொண்டது. எல்லாரும் ஒருசேரக் குனிந்தார்கள். தணிகாசலம் தரையில் மண்டியிட்டிருந்தார். மாதேஷின் குரல் அவர் காதில் பாதியிலேயே நின்றது.

யாரும் சிரிக்கவில்லை.

*

வெயில் நன்றாக ஏறிய பிறகு நாகவேணியும் தணிகாசலமும் மட்டும் மேலே போனார்கள். நாகவேணி கதவருகிலேயே நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். சத்தம் அடங்கியிருந்தது. அதற்குப் பிறகும் காத்திருந்தாள். அப்புறம்தான் டேங்கைத் தொட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

டேங்கைத் திறந்தபோது தண்ணீரைவிட உப்புதான் அதிகம் விழுந்தது. ஓடு ஓடாக, முட்டை ஓட்டைப்போல விழுந்தது. சூட்டை அளந்து மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் கம்பி உப்புக்குள் புதைந்து கிடந்தது. எவ்வளவு சூடு என்று அதற்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

டேங்கைக் கழற்றி இறக்கினார்கள். அதன் வயிறு ஒரு பக்கம் புடைத்திருந்தது. தணிகாசலம் அந்தப் புடைப்பின் மேல் கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"இதைச் சரி பண்ண முடியுமா?" என்றார், அதற்குள் மேலே வந்துவிட்ட ஜெயசீலன்.

"வேண்டாம். புதுசு போடுங்க."

"புதுசுக்கும் இதே தண்ணிதானேக்கா?"

"இதே தண்ணிதான். இதே உப்புதான் கட்டும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் பண்ணணும். வால்வு சொட்டினா சொட்டட்டும். ஒரு டியூப் மாட்டித் தண்ணியைக் கீழே விட்டுடலாம்."

படியில் இறங்கும்போது தணிகாசலம் சொன்னார், "உங்க கையைப் பிடிச்சுத் தடுத்தது தப்பு. தொழில் சொல்லிக்கொடுக்கறவங்க நீங்க."

அவள் இரண்டு படி இறங்கினாள். மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டாள். இவ்வளவு நேரம் கழித்து இப்போதுதான் அவள் முழங்கால் ஆட ஆரம்பித்தது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேலிருந்து ஜெயசீலன் போனும் கையுமாக இறங்கி வந்தார்.

"அக்கா, சுத்தம் பண்றதுக்கு இனிமே உங்களையேதானே கூப்பிடணும்?"

"இல்ல. இவர் நம்பரைப் போட்டுக்கோங்க. இவர் தனியா வருவார்."

தணிகாசலம் திடுக்கிட்டார். "நானா? வேணியம்மா, எனக்கு இன்னும் பயம் போகலையே."

"தெரியும்" என்றாள் நாகவேணி. "நம்பரைச் சொல்லுங்கண்ணா."