வேங்கையின் இரண்டாவது விதை

“இல்லை என்று எழுத மாட்டேன், மேடம்,” என்றார் அருளானந்தம்.

அவர் கிராமத்து மாட்டாஸ்பத்திரிகளிலேயே காலம் தள்ளிய டாக்டர். தலை நரைத்தபின் ஸ்கேன் படிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வந்திருந்தார். கற்றுக்கொடுத்த மெஹருன்னிசா அவரைவிட வயதில் இளையவர்.

மேசையில் வேங்கை படுத்திருந்தது. ஆண் நாய். ஆனால் விதைப்பையில் ஒரு விதைதான் இருந்தது. முலைக்காம்புகள் பெட்டை நாய்க்கு இருப்பதுபோல வீங்கியிருந்தன. விலாவில் முடி கொட்டிப்போயிருந்தது. தெருவில் இறங்கினால் ஆண் நாய்கள் பின்னாலேயே வருவதாகவும் ஊரே சிரிப்பதாகவும் அதை வளர்த்த சுடலி சொன்னாள்.

இறங்காத விதை வயிற்றுக்குள்ளேயே தங்கிக் கட்டியாகி, பெண் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கலாம். விட்டால் நாய் பிழைக்காது. ஸ்கேனில் தெரியாமல் வயிற்றைத் திறக்க மாட்டோம் என்று அறுவைப் பிரிவில் சொல்லிவிட்டார்கள்.

மெஹருன்னிசா தேடிப் பார்த்து முடித்து, கட்டி இல்லை என்று ரிப்போர்ட் எழுதச் சொல்லியிருந்தார்.

“தெரியவில்லை என்று வேண்டுமானால் எழுதுகிறேன்,” என்றார் அருளானந்தம்.

“நான் எத்தனையோ வருஷமாக இதைத்தான் பார்க்கிறேன்.”

“இந்த நாயை இன்றைக்குத்தான் பார்க்கிறீர்கள்.”



மெஹருன்னிசாவின் முகம் சிவந்தது. ஸ்கேன் கருவியை அருளானந்தத்தின் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

அருளானந்தம் நாயை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தார். சுடலி தலையைப் பிடித்துக்கொண்டாள். சிறுநீரகத்தின் பின்னாலிருந்து தொடை இடுக்குவரை கருவியை மெல்ல நகர்த்தினார். குடலில் இருந்த காற்று எல்லாவற்றையும் மறைத்தது.

ஒன்றும் இல்லை.

வெளியே மற்றவர்கள் காத்திருப்பதாக மெஹருன்னிசா சொன்னார். அருளானந்தம் கருவியை எடுக்கவில்லை. மறுபடியும் சிறுநீரகத்திலிருந்து தொடங்கினார். இந்த முறை வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குடல் விலகும்வரை பொறுத்திருந்தார்.

மூத்திரப்பைக்குச் சற்று மேலே உருண்டையாக ஒன்று தெரிந்தது. எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிது.

அவர் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார்.

மெஹருன்னிசா திரைக்கு அருகில் வந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அறுவைப் பிரிவுக்குப் போன் செய்து, காலையில் முதல் ஆளாக வேங்கையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சுடலி குனிந்து நாயின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அருளானந்தத்தின் கோபம் இன்னும் தணியவில்லை.

“என்னைச் சோதித்தீர்களா, மேடம்?”

“இல்லை. எனக்குத் தெரியவே இல்லை.”

மெஹருன்னிசா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“குடலை எப்படி விலக்கினீர்கள்? மெதுவாகக் காட்டுங்கள்.”