ஐம்பது அடி தூரம்

அநியாயம் நடந்தது மதிவதனிக்கு.

சட்டக் கல்லூரி மாணவி. இமயத்தில் கடைசி முகாம்வரை மூச்சிரைக்க ஏறி வந்தவள். உச்சிக்குப் போகலாமா, கூடாதா என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது அவள் கூட்டாளி ஜெசிந்தாவிடம்.

"இவளுக்கு உயரம் ஒத்துக்கல. இறக்கிடணும்" என்று சொல்லிவிட்டாள் அவள்.

மலையேற்ற ஆசிரியை இசக்கியின் வழக்கம் அது. தன் உடம்பைப் பற்றித் தானே சொல்லக் கூடாது. ஒரே கயிற்றில் கட்டிக்கொண்ட இருவரில், ஒருவர் எப்படி இருக்கிறார் என்று மற்றவர்தான் தினமும் காலையில் சொல்ல வேண்டும்.

கயிற்றுக்கும் ஒரு விதி இருந்தது. ஏறும்போது வலுவானவர் முன்னால். இறங்கும்போது தள்ளாடுகிறவர் முன்னால். வலுவானவர் பின்னால் நின்று கயிற்றை இழுத்துப் பிடிப்பார்.

ஏழு நாளும் முன்னால் ஏறியவள் மதிவதனி.

இன்று காற்று அடங்கியிருந்தது. உச்சி காலை வெயிலில் பளபளத்தது. இந்தப் பருவத்தில் இன்னொரு நாள் இப்படிக் கிடைக்காது.

அவள் இசக்கியின் கூடாரத்துக்குப் படையெடுத்தாள்.

இசக்கி அவளைவிட ஒரு வயது இளையவள். ஸ்டவ்வில் பனிக்கட்டியை உருக்கிக்கொண்டிருந்தாள். மதிவதனி நின்றபடியே வாதாடினாள். என் தலைவலி எனக்குத் தெரியாதா? அடுத்தவள் சாட்சியை வைத்து என்னைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? ஏழு நாள் என் முதுகைப் பார்த்தே ஏறியவளுக்குப் பொறாமை வராதா?

வாதம் அருமையாக இருந்தது. அவளுக்கே அப்படித் தோன்றியது.

பனி உருகும்வரை இசக்கி காதுகொடுத்துக் கேட்டாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"அக்கா, உங்க கூடாரத்துலேருந்து இங்க எப்படி வந்தீங்க?"

"எப்படி வருவாங்க? நடந்துதான்."

"நேராவா?"

"ஐம்பது அடி. இதுல வளைய என்ன இருக்கு?"

"விழுந்தீங்களா?"

"இல்லை."

இசக்கி கூடாரத்தின் துணியை விலக்கிவிட்டாள்.

வெளியே இரவு விழுந்த புதுப்பனி. அதில் இரண்டே தடங்கள். ஒன்று கயிறு போட்டதுபோல நேராக வந்தது; இரண்டு இடங்களில் மட்டும் மற்றதன் பக்கம் ஒதுங்கித் திரும்பியிருந்தது. மற்றது இடப்பக்கம் போய், வலப்பக்கம் சாய்ந்து, தன்னையே ஒருமுறை குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தது. அதில் இரண்டு இடங்களில் முழங்கால் பள்ளம். பக்கத்தில் உள்ளங்கை பதிந்திருந்தது.

நேரான தடத்தின் முனையில் ஜெசிந்தா நின்றாள். அவள் கையில் மதிவதனியின் கையுறைகள்.

மதிவதனி தன் கைகளைப் பார்த்தாள். வெறுங்கை. விரலிடுக்கில் பனி.

"ரெண்டு தடவை தூக்கிவிட்டேன்" என்றாள் ஜெசிந்தா. "ரெண்டு தடவையும் என்மேல கேஸ் போடுவேன்னு சொன்ன."

மதிவதனிக்கு எதுவும் நினைவில்லை.

ஜெசிந்தா அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கையுறைக்குள் நுழைத்தாள். தனக்கும் இன்று உச்சி இல்லை என்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இசக்கி கயிற்றை உதறிப் பிரித்தாள்.

"இறங்கலாம். யாரு முன்னால?"

மதிவதனி உச்சியைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வாதம் ஒன்று ரெடியாக இருந்தது. முழங்கால் பள்ளத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

கயிற்றின் முனையை வாங்கித் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டாள்.

"நான்தான்."