பத்து அங்குல லேஸ்

தாளாளர் ஞானாபரணத்துக்குக் கணக்குப் புத்தகத்தின் மேலேயே சந்தேகம். "வட்டத்தோட சுற்றளவு விட்டத்தைப் போல மூணு மடங்குன்னு வேதாகமத்துல இருக்கு. அதென்ன மூணும் கொஞ்சமும்? அந்தக் கொஞ்சம் அவிசுவாசிகள் சேர்த்தது" என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் இனி மூன்று என்றே நடத்த உத்தரவு போட்டார். வேலை போய்விடுமோ என்று பயந்து எல்லாரும் அப்படியே நடத்தினார்கள்.

அந்த வாரம் பிஷப் வருவதாக இருந்தது. ஜெபக்கூடத்தின் வட்ட மேசை விரிப்புக்கு ஓரம் முழுக்க லேஸ் தைக்கும்படி தையல் டீச்சர் எமிமாவிடம் சொன்னார்கள். விரிப்பின் குறுக்களவு ஆறடி. தாளாளரே லேஸை அளந்து வாங்கி வந்தார்.

"போதுமாய்யா?" என்றாள் எமிமா.

"மூவாறு பதினெட்டு அடி. அதுக்கு மேல கேட்டா உன்னைச் சந்தேகப்படுவேன்."

தைத்து முடித்தபோது பத்து அங்குல ஓரம் வெறுமையாக நின்றது. "திருடி!" என்று கத்திய தாளாளர், எல்லார் முன்னாலும் அவள் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார். எமிமா அளவு நாடாவை நீட்டினாள். தைத்திருந்த லேஸை அவரே அளந்தார். சரியாகப் பதினெட்டு அடி இருந்தது.

"அப்போ மிச்சம் எங்கே?"

"யாரும் எடுக்கலைய்யா. நீங்க பாடத்துலேருந்து எடுத்ததுதான் இங்க குறையுது."

பிஷப் வந்த அன்று அந்த இடைவெளியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். மறுநாள் கணக்கு டீச்சர் பிள்ளைகளை அந்தச் சுவர்ப்பக்கமே கூட்டிப்போய், வெறும் ஓரத்தைக் காட்டி வட்டப் பாடம் நடத்தினாள். தாளாளர் தடுக்கவில்லை.