விரிசல் விட்ட கண்ணன்

"தாயி, கொலுவுல வச்ச சாமி பொம்மை உடைஞ்சா அந்த வீட்டுக்கு ஆகாதாமே. நெசமா?"

தனுஷ்கோடி கேட்டது அங்கயற்கண்ணியிடம். மதுரைக்குப் பக்கத்தில் மண்பொம்மை செய்பவள் அவள். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, அவளுக்கு முப்பத்தாறு. முன்பு சுவரில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவர், பொம்மைக்கு வண்ணம் தீட்டும் வேலையை அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

"எந்த பொம்மை உடைஞ்சுது, அண்ணே?"

"இன்னும் உடையல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மண் பிசைந்த கை நிற்கவில்லை.

அவர் சொன்னார்.

யசோதை மடியில் கண்ணன் பொம்மை. சூளையிலிருந்து எடுக்கும்போதே கண்ணனின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். ஒதுக்கி வைக்க மனசு வரவில்லை. சுண்ணாம்புத் தூளைப் பசையில் குழைத்து அடைத்தார். மேலே நீலம் பூசினார். அதற்கும் மேலே ஒரு முத்துமாலை வரைந்தார். அங்கயற்கண்ணியின் கண்ணுக்கே அது தப்பிவிட்டது.

வாங்க வந்த அம்மாள், அவர் வைக்கோல் சுற்றிக் கட்டும்போது சொன்னாள்: "மருமக ஏழு மாசம். ரெண்டு தடவை தங்கல. அதான் இந்த வருஷம் குழந்தை பொம்மையா வாங்குறேன்."

அவர் கை அப்படியே நின்றது. பிறகு கட்டிக் கொடுத்துவிட்டது.

"அன்னிலேருந்து சோறு இறங்கல தாயி. வாசல்ல நிழல் விழுந்தாலே எட்டி எட்டிப் பாக்குறேன். அந்தப் புள்ளைக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு சொல்ல ஆள் வந்திருக்கோன்னு."



தனுஷ்கோடி எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பொம்மையை எடுத்தார். அதே அச்சு. விரிசல் இல்லாத கண்ணன்.

"கொலு பாக்க வந்தேன்னு சொல்லிக்கிட்டு போறேன். யாரும் பாக்காதப்ப மாத்தி வச்சுட்டு வந்துடட்டுமா?"

அங்கயற்கண்ணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பொம்மையை அவரிடமிருந்து வாங்கினாள். எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"போயிட்டு வாங்க."

"வெறுங்கையோடவா?"

"ஆமா."

"போய் என்ன சொல்ல?"

"எங்கிட்டச் சொன்னத."

"மாசமா இருக்கிற புள்ள தாயி. பயந்துடும்."

அவள் மறுபடியும் மண் பிசையப் போய்விட்டாள்.

நவராத்திரி தொடங்கி நாலாம் நாள். பேருந்தில் உட்கார இடம் இருந்தும் தனுஷ்கோடி நின்றுகொண்டே போனார். அந்த அம்மாளின் தெருவை இரண்டு முறை கடந்து போய்த் திரும்பினார். மூன்றாம் முறை கதவைத் தட்டினார்.

மருமகள் பார்கவிதான் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"பொம்மைக் கடையிலேருந்து வர்றேம்மா. கொலு பாத்துட்டுப் போலாம்னு."

"அத்தை கோயிலுக்குப் போயிருக்காங்க. வாங்க."

மூன்றாவது படியில் யசோதை இருந்தாள். மடியில் கண்ணன். மற்ற பொம்மைகளுக்கு ஆளுக்கு ஒரு பூ. கண்ணனின் கழுத்தில் மட்டும் மல்லிகைச் சரம் நாலு சுற்று சுற்றியிருந்தது.

அவர் அதையே பார்த்தார். அவர் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"அத்தைகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

"என்னம்மா?"

"வைக்கோலைப் பிரிக்கும்போதே தலை தனியா கையில வந்துடுச்சு. நான் அழுத்திப் பிடிக்கக்கூட இல்ல. பசை போட்டு ஒட்டினேன். தினமும் நானே பூ சுத்தி வைக்கிறேன். வேற யாரையும் தொட விடறதில்ல."

வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ராத்திரியில எழுந்து எழுந்து பாக்கறேன், உள்ள அசையுதான்னு. ரெண்டு தடவையும் நான் கவனமா இல்லாமத்தான் போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. இப்ப இதுவும் என் கையிலதானே..."

தனுஷ்கோடி ஓர் அடி முன்னால் வந்தார்.

"உன் கையில உடையலம்மா."

அவள் பார்த்தாள்.

"சூளையிலேருந்து எடுத்தப்பவே விரிஞ்சிருந்துச்சு. நான்தான் அடைச்சு, வண்ணம் பூசி மறைச்சேன். நான்தான் வித்தேன்."

கத்துவாள் என்று நினைத்தார். கதவைக் காட்டுவாள் என்று நினைத்தார்.

பார்கவி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"உன் கையில வர்றதுக்கு முன்னாடியே உடைஞ்சதும்மா அது."

வெளியே செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

பார்கவி எழுந்தாள். கண்ணனின் கழுத்திலிருந்த பூவை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எடுத்தாள்.

"அத்தை, இங்க வாங்க" என்றாள். "இவரு ஒண்ணு சொல்லணுமாம்."