கோட்டைச்சாமியின் வாளில் ஏறிய துரு

முதல் வருஷம் பட்டறையின் கூரையைப் பிடுங்கினார்கள். இரண்டாம் வருஷம் கதவைப் பிடுங்கினார்கள். மூன்றாம் வருஷம் நாலு சுவரையும் இடித்து, அந்த மண்ணையும் விடாமல் அள்ளிப் போனார்கள். இந்த வரிசையை மறக்காதீர்கள் பிள்ளைகளா. பறிக்கிறவன் வரிசையாகத்தான் பறிக்கிறான், மறந்துபோகிறது நாம்தான்.

யாருடைய பட்டறை? உப்புக்காற்று வீசுகிற ஒரு கரையோர ஊரில், ராஜாக்கள் இருந்த காலத்தில், பேச்சியம்மா என்று ஒருத்தி இருந்தாள், அவளுடைய பட்டறை. புருஷன் செத்ததும் அவளே துருத்தி ஊதி, அவளே சம்மட்டி அடித்து, ஊருக்கு அரிவாளும் ஏர்க்கொழுவும் செய்து கொடுத்தாள். பறித்தது யார்? ஊர் மணியக்காரர். கூரை அவர் குதிரை லாயத்துக்குப் போச்சு, கதவு அவர் தொழுவத்துக்குப் போச்சு, மண் அவர் புது மதிலுக்குப் போச்சு. மிச்சம் இருந்தது இடம். கடைத்தெரு முனையில் நல்ல இடம். அது மணியக்காரரின் மச்சானுக்கு வேண்டும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஐப்பசி மழை விட்டதும் இரும்பு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அதைச் சாவடிக்குக் கொண்டுவர வேண்டும். உழவன் கொழுவை, கொல்லன் சம்மட்டியை, மணியக்காரர் காவல் வாளை. வெள்ளைத் துணியால் மூன்று தரம் துடைப்பார்கள். துருப்பட்டுத் துணி சிவந்தால், இரும்புக்குரியவன் பெயரை மணியக்காரர் சாட்சிகள் முன்னால் உரக்கப் படிப்பார். படித்துவிட்டால் அவனுக்குத் தொழிலும் இல்லை, இடமும் இல்லை.

'கூரை இல்லை, கதவு இல்லை, சுவர் இல்லை. இனி மழை பார்த்துக்கொள்ளும்' என்று மணியக்காரர் சும்மா இருந்தார். பேச்சியம்மாவின் பெயரை ஓலையில் முன்கூட்டியே எழுதியும் வைத்துக்கொண்டார்.

மழை வந்தது. பேச்சியம்மா என்ன செய்தாள்? மழை ஓய்கிற நேரம் பார்த்துத் தணல் மூட்டினாள். சம்மட்டி, குறடு, உளி எல்லாவற்றையும் துடைத்து அதில் காட்டினாள். தண்ணீர்ச் சொட்டு பட்டால் சுர்ரென்று ஓடுகிற சூடு, அதற்குமேல் இல்லை. அந்தச் சூட்டிலேயே தேன்மெழுகும் ஆமணக்கெண்ணெயும் காய்ச்சிய கலவையைத் தேய்த்தாள். அப்புறம் தரையில் வைக்காமல் வேப்பங்கிளையில் தொங்கவிட்டு, மேலே பனையோலையைக் கவிழ்த்து, கீழே காற்றுப் போக வழி விட்டாள்.

முதல் வாரம் மணியக்காரர் வந்தார். "என்ன பேச்சி, துரு வந்துச்சா?"

"வரலீங்க மணியம். வந்தா சொல்லி அனுப்புறேன்."

இரண்டாம் வாரமும் வந்தார், துரு வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தவருக்கு முகம் வெளுத்திருந்தது. இந்த வருஷம் ராஜாவே சாவடிக்கு வருகிறாராம். பேச்சியம்மாவின் சுவர் மண்ணில் எழுப்பிய மதில் இன்னும் காயவில்லை. அதில் மாட்டிய காவல் வாளில் துருப்புள்ளி விழுந்திருந்தது. மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரத்தோடு கையில் பிடித்திருந்தார்.

"ஏ பேச்சி, அந்த மெழுகை எடு."

அரிவாள் வாங்க நாலு பெண்கள் அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே பேச்சியம்மா கொடுத்தாள். "எடுத்துக்கோங்க. ஆனா முதல்ல தணல்ல காட்டுங்க."

"நானா? உலைக்கு முன்னால குந்தவா?"

"தணல்ல காட்டுங்க மணியம். ஈரத்துமேல மெழுகு போட்டா, ஈரத்தை உள்ள வச்சுப் பூட்டுற மாதிரி."

"கொல்லன் வேலையை எனக்குச் சொல்லித் தர்றியா?"

"தணல்ல காட்டுங்க. மூணு தரம் சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

அவர் ஈர வாளில் மெழுகை அப்பி, தோல் உறைக்குள் செருகிக்கொண்டு போனார். நெருப்புக்குக் கிட்டே போனால் கௌரவம் போய்விடுமாம். என்ன சிரிப்பு? இன்றைக்கும் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள்.

மழை விட்டது, ராஜா வந்தார். பேச்சியம்மாவின் சம்மட்டியைத் துடைத்தார்கள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். துணியில் எண்ணெய் இருந்தது, சிவப்பு இல்லை. அப்புறம் மணியக்காரரின் வாள். ஒரு தரம் இழுத்தார், வரவில்லை. இரண்டாம் தரம் இழுத்தார், வரவில்லை. மூன்றாம் தரம் காவல்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுக்க, உறை கிழிந்து வாள் வந்தது. துணி செங்கல்லாகச் சிவந்தது.

"ராஜா, இவ கொடுத்த மெழுகுல சூது இருக்கு!"

"அவள் சம்மட்டியில் இருக்கிறதும் அதே மெழுகுதானே?" என்றார் ராஜா.

நாலு பெண்களும் முன்னால் வந்தார்கள். "அதே மெழுகுதான் சாமி. தணல்ல காட்டச் சொல்லி மூணு தரம் சொன்னா. நாங்க சாட்சி. இவருதான் குந்த மாட்டேன்னாரு."

ராஜா தீர்ப்புச் சொன்னார். சுவர், கதவு, கூரை எல்லாம் பட்டறைக்குத் திரும்ப வேண்டும். "வழக்கப்படி பெயரைப் படிக்க வேண்டியது யார்?"

"மணியக்காரருங்க" என்றார்கள் சாவடியில் இருந்தவர்கள்.

மணியக்காரர் ஓலையை எடுத்தார். அதில் பேச்சியம்மாவின் பெயர் இருந்தது. ராஜா அதை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்து எழுத்தாணியை நீட்டினார். மணியக்காரர் அவள் பெயரை அடித்தார், தன் பெயரை எழுதினார், வாய்க்குள் முனகினார்.

"கேக்கலை மணியம்" என்றாள் பேச்சியம்மா.

மறுபடி படித்தார்.

"சாட்சிக்குக் கேக்கணும் மணியம்" என்றார்கள் நாலு பெண்களும்.

மூன்றாம் தரம் சாவடி முழுக்கக் கேட்டது.

"கோட்டைச்சாமி."