தீட்டு வீட்டுத் தேநீர்

ஜப்பானில், வடக்குக் கடலில் ஒரு சின்னத் தீவு. காற்று கொஞ்சம் பலமாக வீசினால் போதும், படகு வராது. வந்தாலும் இறங்க ஆள் இருக்காது. பிள்ளைகளெல்லாம் பிழைக்கப் பட்டணம் போய்விட்டார்கள். ஊரில் பூட்டிய வீடுகள்தான் அதிகம்.

அந்தத் தீவின் மலை உச்சியில், ஜப்பானின் பழைய மதமான ஷின்டோவின் கோயில் ஒன்று. கோபுரம், சிலை என்று எதையாவது நினைத்துக்கொண்டு ஏறினால் ஏமாந்துதான் போவீர்கள். இரண்டு மரத்தூண், மேலே குறுக்கே ஒரு கட்டை. அதுதான் வாசல். கதவுகூடக் கிடையாது. அதைத் தாண்டினால் மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன மரவீடு. அதற்குள் சாமி.

பூசை செய்தவர் மிட்சுயோ என்கிற அம்மாள். அவருடைய அப்பா செய்துவந்த பூசை அது. மிட்சுயோ அம்மாவுக்கு ஒரே ஒரு சீடர், பெயர் ஹெய்சாக்கு. கணவாய் மீன் பிடிக்கிறவர். குருவைவிடச் சீடருக்கு இருபது வயதாவது கூட இருக்கும். அதனால் என்ன? மந்திரத்தில் ஒரு எழுத்துப் பிசகினாலும் அந்த அம்மா விடமாட்டார். இவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முதலிலிருந்து சொல்லுவார்.

குளிர் தொடங்கும் நேரத்தில் ஹெய்சாக்குவின் மனைவி உமே இறந்துபோனார்.

சாவு விழுந்த வீட்டுக்காரர் தீட்டுக் கழியும்வரை கோயில் வாசலைத் தாண்டக் கூடாது. நம்மூர் வழக்கம்தான், அங்கேயும் உண்டு. ஆனால் அந்தத் தீவில் இன்னொன்றும் உண்டு. சாவு வீட்டு அடுப்பில் கொதித்ததை வேறு யாரும் வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் தீட்டு அவருக்கும் ஒட்டிக்கொள்ளும். அவரும் கோயிலுக்கு வெளியேதான்.

அக்கம்பக்கத்தார் கெட்டவர்கள் இல்லை. தங்கள் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து ஹெய்சாக்குவின் படியில் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தராவது உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் வெந்நீர் வாங்கிக் குடிக்க வேண்டுமே! ம்ஹூம்.

மனுஷர் தினமும் மலையேறினார். வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டார். உள்ளேயிருந்து குருவின் மந்திரச் சத்தம் காற்றில் அரைகுறையாகக் கேட்கும். கேட்டுவிட்டு இறங்கிப் போவார்.

திருவிழாவுக்கு முதல் நாள். வருஷத்துக்கு ஒரே திருவிழா. அதற்காகத்தான் பட்டணத்துப் பிள்ளைகள் கொஞ்சம் பேராவது ஊர்ப்பக்கம் வருவார்கள். பூசைக்கு மிட்சுயோ அம்மாவை விட்டால் தீவில் வேறு நாதி கிடையாது. அவர் வாசலுக்கு உள்பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஹெய்சாக்கு தோளில் ஒரு பையோடு வந்து நின்றார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"மத்தியானப் படகுல போறேம்மா. மகன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்."

"எப்போ திரும்புவீங்க?"

"திரும்பல. வீட்டைப் பூட்டிட்டேன்."

"அங்கே உங்களுக்குப் பொழுது போகுமா?"

"எங்கே போகும்? பகல்ல எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க. ஜன்னலைத் திறந்தா எதிர் வீட்டுச் சுவருதான்."

"பிறகு எதுக்குப் போறீங்க?"

குருவிடம் இதுவரை குரல் உயர்த்தாதவர் ஹெய்சாக்கு. அன்றைக்கு அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்கா? நல்லாக் கேட்டீங்க! காலையில டீ போட்டா கை தன்னால ரெண்டு கோப்பை எடுக்குது. ஒண்ணு ஆறிப்போய் அப்படியே கொட்டுறேன். கூட உட்கார்ந்து குடிக்க ஒரு நாய்கூட இல்ல. மனுஷங்கதான் பயப்படுறாங்க, சாமிகிட்டயாவது போய் அழுவோம்னு வந்தா, அங்கேயே நில்லுங்குது. நான் நல்லா இருந்தப்பல்லாம் உள்ளே விட்டுச்சு. இப்பத்தானேம்மா எனக்கு அது வேணும்? இப்பப் பார்த்து ஏன் என்னைத் துரத்துது? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

மிட்சுயோ அம்மா பெருக்குவதை நிறுத்தினார். துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவைத்தார். வாசலைத் தாண்டி வெளியே வந்து ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்காரும்படி ஹெய்சாக்குவுக்கும் கை காட்டினார்.

"பையில என்ன வச்சிருக்கீங்க?"

"ரெண்டு துணி. பிளாஸ்க்ல கொஞ்சம் டீ. படகுல குடிக்க."

"எங்கே போட்டது?"

"வேற எங்கே? என் வீட்டு அடுப்புலதான்."

"கொடுங்க."

எதற்கோ கேட்கிறார் என்று ஹெய்சாக்கு எடுத்துக் கொடுத்தார். மிட்சுயோ அம்மா மூடியைத் திருகி எடுத்தார். மூடியிலேயே ஊற்றினார். குடித்தார்.

"ஐயையோ! என்னம்மா காரியம் பண்ணிட்டீங்க!"

"கசக்குது. இலையை ரொம்ப நேரம் ஊற விட்டுட்டீங்க."

"அவதான் போடுவா. எனக்குப் பக்குவம் தெரியாது."

அதைச் சொல்லும்போதே ஹெய்சாக்குவுக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி போன பிறகு இன்னொருவர் எதிரில் அவர் அழுவது அதுதான் முதல் தடவை. மிட்சுயோ அம்மா தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றிக் குடித்தார்.

கண்ணைத் துடைத்த பிறகுதான் ஹெய்சாக்குவுக்குத் திருவிழா ஞாபகம் வந்தது. பதறிப்போனார்.

"நாளைக்கு நீங்க உள்ளே போகணுமே!"

"போக முடியாது."

"அப்போ பூசை?"

"நடக்காது."

"உங்க அப்பா காலத்துல புயல் அடிச்சப்பகூட நிக்கலையேம்மா! ஊர் உங்களைச் சும்மா விடுமா?"

"விடாது. நல்லாத் திட்டுவாங்க."

அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மா மூடியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அப்பாவை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. கீழே துறையில் படகு வந்து ஊதியது. சத்தம் மலைவரை கேட்டது. ஹெய்சாக்கு எழுந்திருக்கவில்லை. வாசலுக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு நடுவே தெரிந்த சின்ன மரவீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம்மா சாமி. திருவிழா அன்னிக்கு யாருமே இல்லாம, தனியா இருக்குமே."

மிட்சுயோ அம்மா காலி மூடியை அவரிடம் நீட்டினார்.

"அதுக்குத் தனியா இருந்து பழக்கம். உங்களுக்கு இல்லையே. ஊத்துங்க."