கடித்தது எந்த மீன்

கொளத்தூர் மீன் சந்தையைத் தாண்டி மூன்றாவது சந்தில் செவ்வந்தியம்மாவின் தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே சில சிமெண்ட் தொட்டிகளில் தங்கமீன்கள். சுவரோரப் பலகைகளில் வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்கள். பாட்டிலுக்கு ஒன்றாக ஃபைட்டர் மீன்கள். ஒன்றையொன்று பார்த்துச் சிலிர்த்துக்கொள்ளாமல் இருக்க, பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே அட்டை செருகியிருக்கும்.

செவ்வந்தியம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. மீன் வாங்க வருகிறவர்களில் சிலர், வாங்கிய பிறகும் போகாமல் நின்று ஏதாவது கேட்பார்கள். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்வார். சில சமயம் சொல்லமாட்டார்.

அப்படி நின்றவர்களில் ஒருவர் கனகசபை. ஐம்பத்தாறு வயது. தபால் இலாகாவில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர். ஆறு மாதமாகத் தினமும் காலையில் வந்து தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றிக் கொடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்திருப்பார். தன்னைவிட இளையவரை அவர் குரு என்று சொல்லிக்கொண்டதில் வீட்டில் கேலி உண்டு.

"மீன்காரம்மாகிட்ட தீட்சை வாங்கியாச்சா, இல்ல இன்னும் பாசி வழிக்கிறதுலதான் இருக்கா?" என்பாள் மனைவி லோகாம்பாள்.

ஒரு புதன்கிழமை கனகசபை தண்ணீர் மாற்றி முடித்தும் உட்காரவில்லை.

"அம்மா, ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க ஐயா."

"என் தம்பி தணிகாசலம் ஜெயில்ல இருக்கான். பத்து வருஷம் முடியுது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விடுறாங்க. அழைச்சிட்டுப் போக ஆள் வருமான்னு கேட்டு லெட்டர் வந்திருக்கு."

"என்ன செஞ்சார்?"

"எதிர்வீட்டுக்காரரைக் கடப்பாரையால அடிச்சிட்டான். அவர் செத்துப் போயிட்டார்." கனகசபை கொஞ்சம் நிறுத்தினார். "அவனை வீட்டுல சேர்க்கலாமா?"

"யாருக்காகப் பயப்படுறீங்க?"

"வீட்டுல இருக்கிறவங்களுக்காகத்தான். மருமக இருக்கா. நாலு வயசுல பேத்தி இருக்கு."

செவ்வந்தியம்மா புழுக் கிண்ணத்தை எடுத்தார். பாட்டில்களில் புழு போடத் தொடங்கினார். பாட்டிலுக்கு நாலு புழு. அந்த வரிசை முடிந்து அடுத்த வரிசைக்கும் போய்விட்டார்.

பதில் வராது என்று கனகசபைக்குத் தெரிந்தது. அவர் கண் பலகையில் ஒரு பாட்டிலின் மேல் நின்றது. கருநீல மீன். வால் மட்டும் சிவப்பு. பட்டுத்துணியை நீரில் விட்டதுபோல நீளமாக விரிந்திருந்தது.

"இதை எடுத்துக்கட்டுமா அம்மா?"

"எதுல வைப்பீங்க?"

"பாட்டில்லதான்."

செவ்வந்தியம்மா பாட்டிலோடு ஒரு காய்ந்த பாதாம் இலையையும் கொடுத்தார். தண்ணீரில் போட்டால் மீனுக்கு நல்லது என்றார்.

கனகசபை சொன்னது பொய். அவர் வீட்டுக் கூடத்தில் நாலடித் தொட்டி இருந்தது. மகன் வாங்கி வைத்தது. அதில் பதினாலு டைகர் பார்ப். ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட, கட்டைவிரல் நீள மீன்கள். எப்போதும் கூட்டமாகவே சுற்றும். ஃபைட்டரை அதில் விட வேண்டும் என்று பாட்டிலைப் பார்த்தபோதே அவர் முடிவு செய்துவிட்டார். அடுத்த வார வெள்ளிக்கிழமை வரை அது மற்ற மீன்களை ஒன்றும் செய்யாமல் இருந்தால் தம்பியைப் போய் அழைத்து வருவது. ஏதாவது ஒன்றைக் கடித்தாலும் கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை. குரு சொல்லாததை மீன் சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கடிதம் வந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; இந்த வேண்டுதல் யாருக்கும் தெரியாது. ஆனால் ஃபைட்டர் மீன் வந்திருக்கிறது என்றதும் எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"பேரே ஃபைட்டர்ங்கிறாங்க. அதைப் போய் இதுங்களோட விடுறீங்களே மாமா" என்றாள் மருமகள் இந்துமதி.

"வேற எடம் எங்கம்மா இருக்கு அதுக்கு?"

"ஏன், சித்தப்பாவுக்கு மட்டும் இருக்கோ?" இந்துமதி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

லோகாம்பாள் சிரிக்கவில்லை. "அன்னைக்கு நீங்க கையைப் புடிச்சு அவ்வளவு தடுத்தும் உதறிட்டுப் போன ஆளு. நாளைக்கு இந்த வீட்டுல ஒரு வார்த்தை கூடக் குறைச்சுப் பேசிட்டா யார் தடுப்பா?"

கனகசபை பாட்டிலைத் தொட்டிக்குள் சாய்த்தார். ஃபைட்டர் மெதுவாக வெளியே வந்தது. மேலே போய் ஒருவாய்க் காற்றைக் குடித்தது. கிட்டே வந்த ஒரு பார்ப்பைப் பார்த்துச் செவுளை விரித்தது.

"பாருங்க, முறைக்குது!" என்றாள் இந்துமதி.

கனகசபை கண்ணாடியில் தட்டினார். ஃபைட்டர் விலகி ஓரமாகப் போனது.

மறுநாள் அவர் கொட்டகைக்குப் போகவில்லை. காலையிலிருந்து தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் வலை. ஃபைட்டர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கண்ணும் திரும்பியது. அது செவுளை விரித்தால் தட்டினார். வேகமாகப் போனால் வலையை விட்டுத் தடுத்தார். காபி நாற்காலிக்கே வந்தது.

"கோயில் யானைக்குக்கூட இப்படி ஒரு பாகன் கிடைக்கமாட்டான்" என்று லோகாம்பாள் டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வார வெள்ளிக்கிழமையும் அப்படியே கழிந்தது. ஃபைட்டர் ஒரு மீனையும் தொடவில்லை. அது மூலையில் பாசிச் செடிக்குப் பின்னால் ஒடுங்கி நின்றது. அடங்கிவிட்டது என்று கனகசபைக்குத் தோன்றியது. கடிதத்துக்கு என்ன எழுதலாம் என்று மனதுக்குள் வாக்கியம் கூட்டத் தொடங்கினார். அது சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று அவருக்கே விளங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஃபைட்டர் மேலே காற்றுக் குடிக்க வந்தபோதுதான் சரியாகப் பார்த்தார். சிவப்பு வால் இல்லை. அடியில் நாலைந்து நார்கள் மட்டும் தொங்கின. ஒரு பக்கத்துடுப்பு பாதிக்குமேல் போயிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பக்கவாட்டில் சாய்ந்தது.

வலையால் எடுத்து, பாட்டிலில் விட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் கொட்டகைக்கு நடந்தார்.

அங்கே ஓர் ஆள் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தான். "ரெண்டு ஃபைட்டரை ஒரே கிண்ணத்துல போட்டா என்னக்கா ஆகும்?"

"ஒரு ஃபைட்டரும் ஒரு கிண்ணமும் ஆகும்."

அந்த ஆள் சிரித்து, ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனான். செவ்வந்தியம்மா கனகசபையின் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாட்டில்ல வைப்பேன்னு சொன்னீங்க."

"தொட்டியில விட்டேம்மா."

"அதுல என்ன இருக்கு?"

"டைகர் பார்ப். பதினாலு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீளமா எது ஆடினாலும் அதுங்க கொறிக்கும்."

அவர் அகலமான ஒரு பாத்திரத்தில் பழைய தண்ணீர் ஊற்றினார். பாதாம் இலையைக் கிழித்துப் போட்டார். மீனை அதில் விட்டார். அது அடியில் போய் இலைமேல் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது.

"பிழைக்குமா அம்மா?"

"தெரியலை. கடிச்சது எது?"

"அதுவும் தெரியலை. போய்ப் பார்த்தப்ப பதினாலும் ஒண்ணுபோல நீந்திக்கிட்டிருந்துச்சு."

"நீங்க பக்கத்துல இல்லையா?"

"மூணு நாளா பக்கத்துலதான் இருந்தேன். இதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். இது கடிச்சிடக் கூடாதுன்னு."

செவ்வந்தியம்மா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். கனகசபை தான் வைத்த வேண்டுதலைச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததுபோல இருந்தது.

"இப்பப் புரிஞ்சுதும்மா. எங்க வீட்டுல இருக்கிறவங்க அவனை வார்த்தையாலேயே பிச்சுடுவாங்க. அவன் தனியா இருக்கிறதுதான் அவனுக்கு நல்லது. ஆவடிப் பக்கம் ஒரு ரூம் பார்த்து வச்சிடறேன். மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துக்கலாம்."

"மீன் அப்படிச் சொல்லிச்சா?"

"அது நடந்ததை வச்சு..."

"இது கடிச்சிருந்தா அழைக்க மாட்டீங்க. இதைக் கடிச்சாலும் அழைக்க மாட்டீங்க. அப்புறம் எதுக்கு ஐயா இந்த உயிர் அங்க வந்துச்சு?"

கனகசபை தலையைக் குனிந்துகொண்டார். தொட்டிகளில் காற்றுக் குழாய் மட்டும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

"உங்க தம்பி ஏன் அடிச்சார்?"

"கோபக்காரன்ம்மா. சின்ன வயசுலேர்ந்தே."

"கோபம் எல்லா நாளும் இருந்திருக்கும். அன்னைக்கு ஏன்?"

கனகசபை பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரோ பக்கத்தில் நின்று கேட்டுவிடுவார்களோ என்பதுபோலச் சன்னமாகச் சொன்னார்.

"வாசல்ல சுவர் எழுப்பற தகராறு. எதிர்வீட்டுக்காரர் தெருவுல வச்சு என்னை அசிங்கமாப் பேசிட்டார். நான் ஒண்ணும் திருப்பிச் சொல்லலை. நேரா வீட்டுக்கு வந்தேன். இவன் சாப்பிட்டுக்கிட்டிருந்தான். 'உன்னை மாதிரி ஒரு தம்பி இருந்தா என்ன, செத்தா என்ன, நீ உட்கார்ந்து நல்லா சோறு தின்னு'ன்னேன். அவன் எழுந்திரிக்கலை. நான்தான் மறுபடியும் சொன்னேன்."

"என்னன்னு?"

"கடப்பாரை படிக்கட்டுக்கு அடியிலதான் கிடக்குன்னு."

செவ்வந்தியம்மா பாத்திரத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"தடுத்தேன்னு சொன்னது பொய்ம்மா. போலீஸ்ல சொன்னேன், கோர்ட்டுல சொன்னேன், வீட்டுலயும் சொன்னேன். சொல்லிச் சொல்லி, கையைப் புடிச்ச மாதிரி எனக்கே ஞாபகம் வந்துடுச்சு. அந்த மனுஷனுக்கு ரெண்டு பொண்ணுங்க. அதுங்களும் என்னைப் பார்த்தா வணக்கம் சொல்லுதுங்க. தடுக்கப் பார்த்த பெரியவர்னு."

"தம்பி இதைச் சொல்லலையா?"

"எங்கேயும் வாயைத் திறக்கலை. பார்க்கப் போனா, 'அண்ணி சௌக்கியமா'ன்னு கேட்பான். அவ்வளவுதான். அப்புறம் நான் போறதையே நிறுத்திட்டேன். எட்டு வருஷம் ஆச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாத்திரத்தில் மீன் கொஞ்சம் எழும்பி, மேலே வர முடியாமல் திரும்பவும் இலைமேல் இறங்கியது. செவ்வந்தியம்மா கொஞ்சம் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார். நீர்மட்டம் இறங்கியது. மீன் இருந்த இடத்திலிருந்தே வாயை நீட்டிக் காற்றைக் குடித்தது.

"இப்பவாவது சொல்லுங்கம்மா" என்றார் கனகசபை. "அவனை வீட்டுல சேர்க்கலாமா?"

"அதுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு ஐயா. நீங்க இன்னிக்குப் போய் இதை வீட்டுல சொல்லுங்க. உங்களைச் சேர்த்துக்கிறாங்களான்னு முதல்ல பாருங்க."